ஒலிவாங்கி இல்லாத காலத்து ராஜபார்ட்: எஸ்.ஜி.கிட்டப்பா



'ராஜபார்ட்' என்னும் சொல்லை நம் மாணவர்கள் இன்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெரியவர்களுள் சிலர், 1973ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த 'ராஜபார்ட் ரங்கதுரை' என்னும் திரைப்படத்தின் பெயராக மட்டும் அதனை நினைவில் வைத்திருக்கக்கூடும். தமிழ் இசை நாடக மேடையில் தலைமை ஆண் வேடம் ஏற்பவர் ராஜபார்ட், தலைமைப் பெண் வேடம் ஏற்பவர் ஸ்திரீபார்ட், நகைச்சுவைக்குப் பபூன், திருடன் வேடத்துக்குக் கள்ளபார்ட். பாதி ஆங்கிலம், பாதி வடமொழி. ஆயினும் அந்த மேடையில் ஒலித்ததோ நல்ல தமிழ்ப்பாட்டு. அம்மேடையின் ராஜபார்ட்டுகளுள் தலையாயவர் என்று பலராலும் போற்றப்பட்ட செங்கோட்டை கங்காதர கிட்டப்பாவைப் பற்றிச் சில செய்திகளை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கிட்டப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கும் பலரும் கே.பி.சுந்தராம்பாளைப் பற்றிப் பேசி முடித்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் காதல் கதை அத்துணை வலிமையுடையது. ஆசிரியர் என்ற முறையில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஆறு வயதில் மேடையேறிய ஒரு சிறுவன் இருபத்தேழு வயதில் மறைந்துபோனான். இடைப்பட்ட இருபத்தோர் ஆண்டுகளில் அவனுக்கு யார், எதனை, எவ்வாறு கற்பித்தார்கள்? அந்தக் கல்வி அவனுக்குக் கொடுத்தது என்ன, அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன?

செங்கோட்டையிலிருந்து மதுரைக்கு

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் செங்கோட்டையில் பிறந்தார். தந்தை கங்காதர ஐயர், தாய் மீனாட்சியம்மாள். இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டில் அழைத்த பெயரே நிலைத்துவிட்டது. செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த ஊர். 1956ஆம் ஆண்டில்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1911இல் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனும் அவ்வூரினரே. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. கிட்டப்பாவின் அண்ணன்மார் முன்னரே நாடகக் குழுவில் சேர்ந்திருந்தனர். தம்பியும் அவர்களைப் பின்தொடர்ந்தார். பள்ளிக்கூடத்தில் அமர்ந்து எழுத்துக் கற்க வேண்டிய வயதில் அவர் ஒப்பனைக் கொட்டகையில் அமர்ந்திருந்தார்.

அக்குழுவை நடத்தியவர் சாதாரண மனிதர் அல்லர். தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867-1922) தமிழ் மேடைக்கு வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, இலவகுசா முதலிய நாடகங்களை எழுதித் தந்தவர். அவருடைய மாணவரும் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவருமான தி.க.சண்முகம், சுவாமிகளைத் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்றே குறிப்பிட்டார். நம் தொழிற்பெயரை அவருக்குச் சூட்டியதில் பொருத்தம் உண்டு. பெரியவர்களைக் கொண்ட குழுக்களில் ஒழுங்கின்மை மிகுந்ததைக் கண்டு மனம் சலித்த சுவாமிகள், சிறுவர்களை மட்டுமே கொண்ட குழுக்களுக்கு ஆசிரியராக அமர்ந்தார். மக்கள் அவற்றைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றனர். அரசனும் சிறுவன், அரசியும் சிறுவன், எமனும் சிறுவன். கற்பிப்பவரைச் சிறுவர்கள் 'வாத்தியார்' என்று அழைத்தார்கள்.

இந்தக் குழுக்களில் நடந்த கற்பித்தல் நம் கவனத்துக்கு உரியது. வெண்பா, விருத்தம், கீர்த்தனை, உரையாடல் என அனைத்தும் செவிவழியே பாடமாயின. எழுத்தறியாத சிறுவனும் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பிழையின்றி ஒப்பித்தான். லகர, ளகர, ழகர வேறுபாட்டை எந்தப் பயிற்றியும் இன்றிக் கற்றான், ஏனெனில் பிழைத்தால் உடனே அடி விழும். அடியை நான் ஆதரிக்கவில்லை. வீட்டை விட்டுப் பிரிந்து, ஊர் ஊராகச் சுற்றி, பகலில் ஒத்திகையும் இரவில் நாடகமுமாகக் கழியும் வாழ்வு ஆறு வயதுக் குழந்தைக்கு ஏற்றதா என்று கேட்டால், அல்லவென்றே சொல்வேன். ஆயினும் அந்தக் கொட்டகைகளிலிருந்து வெளிவந்தவர்களின் தமிழ் உச்சரிப்பைக் கேட்கும்போது, ஆறாண்டு தொடக்கக்கல்வி முடித்து வெளியேறும் நம் மாணவர்களின் வாய்மொழியை எண்ணிப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியவில்லை.

பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் அனைவரும் அஞ்சிய ஒன்று உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பருவத்தை நாடக உலகம் அவ்வாறு அழைத்தது. நேற்றுவரை ஊரையே மயக்கிய சிறுவன் இன்று பாட வாய் திறந்தால் கரகரப்பு. அத்துடன் பலருடைய மேடை வாழ்வு முடிந்துவிடும். வேறு தொழிலும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அவர்களுள் எத்தனை பேர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எந்த நாடக வரலாறும் பெயர் பெயராகச் சொல்வதில்லை. கிட்டப்பா தப்பினார். தப்பியது மட்டுமன்று, குரல் முதிர்ந்த பின்னரும் அந்த உச்ச ஒலியை இழக்காமல் வைத்திருந்தார்.

ஐந்து கட்டைக் குரல்

இசைப்பயிற்சி இல்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஆர்மோனியக் கட்டைகளை வைத்துச் சுருதியை அளப்பது நம் வழக்கம். இன்று மேடையில் பாடும் ஆண் பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, மிஞ்சினால் இரண்டு கட்டையில் பாடுவார். கிட்டப்பாவின் சுருதி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று அக்கால ரசிகர்கள் கணக்குச் சொல்வர். அந்த உயரத்தில் நின்றுகொண்டு, மேல் ஸ்தாயியிலும் குரலைப் பொய்யாக மெலிதாக்காமல் முழுக்குரலில் பாடினார் என்பதே அவர்களின் வியப்பு.

இதற்குக் காரணம் அழகியல் மட்டும் அன்று. அக்காலக் கொட்டகையில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கிடையா. காஸ் விளக்கொளியில், தகரக் கூரையோ கீற்றுக் கூரையோ வேய்ந்த கொட்டகையில், ஆயிரக்கணக்கானோர் கூடியிருப்பர். முன்னால் நாற்காலி, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் தரை. தரையில் அமர்ந்திருக்கும் உழைப்பாளி கொடுத்த காசும் காசுதான். அவன் காதில் சொல் விழவில்லையெனில் கொட்டகையே எழுந்து நின்று கத்தும். தாழ்ந்த குரல் அவ்வளவு தொலைவு செல்லாது. கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போவது உச்சக்குரல்தான். ஆகவே ராஜபார்ட்டுக்கு உயர்ந்த சுருதி என்பது கொத்தனுக்குக் கரண்டி போன்றது. இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' முழக்கம் எழும். பாடியதை மீண்டும் பாட வேண்டும். மறுநாள் வேறோர் ஊர்.

திரைக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்கி, ஆளைக் காணுமுன் குரலைக் கேட்கச்செய்து, பிறகு மேடைக்கு வருவது ராஜபார்ட்டின் வழக்கம். பாடலின் வகைகளோ பல. தியாகராஜ சுவாமிகளின் தெலுங்குக் கீர்த்தனைகள், தமிழ் விருத்தங்கள், பார்சி நாடகக் குழுக்களின்வழி வந்த இந்துஸ்தானி மெட்டுகள் எல்லாம் ஒரே நாடகத்தில் இடம்பெறும். முருகன் வேடமிட்டவர் நடுவில் தெலுங்குக் கீர்த்தனை பாடினால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அமைந்த 'எவரனி' என்னும் தியாகராஜர் கீர்த்தனையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர் கிட்டப்பா என்று இசையறிஞர்கள் இன்றும் நன்றியோடு குறிப்பிடுவர். சபாக்களுக்குள் நுழையும் வாய்ப்பற்ற எளிய மக்கள் கருநாடக இசையைக் கேட்டது நாடகக் கொட்டகையில்தான். அவ்வகையில் அந்தக் கொட்டகையே அவர்களுக்கு இசைப்பள்ளியாகவும் இருந்தது எனலாம்.

பதின்ம வயதில் கிட்டப்பா கன்னையாவின் ஸ்ரீகிருஷ்ண வினோத சபைக்குச் சென்றார். கன்னையா கம்பெனி பிரம்மாண்டத்துக்குப் பெயர் போனது. அங்கு நடந்த தசாவதாரம் நாடகமும் கிட்டப்பாவின் பாட்டும் சேர்ந்து அவருடைய பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றன. 1924ஆம் ஆண்டில் கிட்டம்மாள் என்பாரோடு திருமணம் நடந்தது. இந்த அம்மையாரின் பெயரைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. பின்வரும் கதையில் இழப்பு ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

கொழும்பில் ஒரு போட்டி

சங்கரதாச சுவாமிகளின் நாடகங்கள் எங்கும் பரவிவிட்டதால் 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை வளர்ந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் ஒரே நாடகம் பாடம் என்பதால் மேடையிலேயே சந்தித்து விடியும்வரை நடித்துவிடுவர். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் அவளைத் தேடிவரும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம்தான் மக்கள் காத்திருக்கும் கட்டம். அங்கே பாடம் செய்த வரிகள் மட்டும் போதா. எதிராளி எடுத்த இராகத்தை வாங்கி, அதற்கு மேல் ஒரு படி ஏறி, கேட்ட கேள்விக்கு அந்தக் கணமே விடை சொல்ல வேண்டும். தோற்றவர் யார், வென்றவர் யார் என்பதை மக்கள் கைத்தட்டலால் தீர்ப்பளிப்பர்.

1926ஆம் ஆண்டு கொழும்பில் அத்தகைய ஒரு மேடையில்தான் கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் சந்தித்தனர். சுந்தராம்பாள் 1908இல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, தம் குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு மேடைக்கு வந்தவர். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடி மீள முடியாது என்று அவரைப் பலர் எச்சரித்ததாக எழுதியிருக்கிறார்கள். அவர் பின்வாங்கவில்லை. இருவரும் பாடினர், ஒருவரையொருவர் வெல்லவில்லை. 1927இல் இருவரும் மணம்புரிந்தனர். சேர்ந்தே நடிக்கத் தொடங்கினர். வேலனும் வள்ளியும் மேடைக்கு வெளியேயும் கணவன் மனைவி என்பதை அறிந்து மக்கள் கூட்டம் அலைமோதியது.

கிட்டப்பாவின் முதல் மனைவி அப்போது செங்கோட்டையில் இருந்தார் என்பதையும், இவ்விருவரும் வேறு வேறு சாதியினர் என்பதையும் மறந்துவிடலாகாது. இல்லறம் அமைதியாகச் செல்லவில்லை. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. அவற்றைப் படிப்போர், காவியக் காதலைக் காட்டிலும் புறக்கணிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் மனத்தாங்கலையே மிகுதியாகக் காண்பர். திரைப்படத்துக்கு ஏற்றவாறு அவ்வாழ்வை இனிப்பாக்கிச் சொல்வது அந்த அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

தேசிய இயக்கமும் அந்த ஆண்டுகளில் மேடையைத் தொட்டது. தாமே நாடகங்களில் நடித்தவரான சத்தியமூர்த்தி, கலைஞர்களைக் காங்கிரசின் பக்கம் ஈர்த்தார். கிட்டப்பா கதர் அணிந்தார். அக்காலத்தில் புராண நாடகத்தின் நடுவே நாட்டுப்பாட்டு நுழைந்தது. வள்ளி கவண்கல் எறிந்து விரட்டும் வெள்ளைக் கொக்கு எந்த வெள்ளையரைக் குறித்தது என்பது கொட்டகைக்கு வெளியே நின்ற காவலருக்கும் புரிந்தது. இதில் சிறைவரை சென்றவர் விசுவநாததாஸ் (1886-1940). முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர்நீத்த அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மூன்று நிமிடம்

மதுப்பழக்கமும் வயிற்று நோயும் கிட்டப்பாவைச் சாய்த்தன என்பர். இருபது வயதைத் தாண்டுமுன் தென்னகத்தின் தலைமை ராஜபார்ட்டாகி, இரவு முழுதும் உச்சத்தில் பாடி, பகலில் பயணம் செய்து, கையில் பணம் புரள, கண்டிக்கும் நிலையில் எவரும் இல்லாத வாழ்வு. ஆறு வயதிலிருந்து அவரை உருவாக்கிய அமைப்பு, பாட்டை நிறுத்தும் வேளை எது என்பதை அவருக்குக் கற்பிக்கவில்லை. பாட்டு நின்றால் வசூல் நிற்கும். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் காலமானார்.

தமிழின் முதல் பேசும்படமாகிய காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்துவிட்டது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இன்னும் சில ஆண்டுகள் இருந்திருப்பின் அவரே திரையின் முதல் பெரும் பாடக நாயகராக ஆகியிருப்பார் என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். மேடையிலிருந்து சென்ற எம்.கே.தியாகராஜ பாகவதர் 1934இல் பவளக்கொடி படத்தில் அறிமுகமாகி அந்த அரியணையில் அமர்ந்தார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு.சின்னப்பாவும் பின்தொடர்ந்தார். கிட்டப்பாவின் பாணியையும் உச்சக்குரலையும் நினைவூட்டியவர் டி.ஆர்.மகாலிங்கம். 1945இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி படத்தில் வேலனாக வந்து அவர் பாடியதைக் கேட்ட முதியோர், கிட்டப்பாவையே கேட்டதுபோல் இருந்தது என்றார்களாம்.

ஆக, நமக்கு எஞ்சியவை இசைத்தட்டுகள் மட்டுமே. நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கம் சற்றேறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். விடியவிடிய விரித்துப் பாடிய மனிதரை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். மலாயாத் தோட்டங்களில் கிராணி வீட்டிலோ கடைத்தெருவிலோ சாவி கொடுக்கும் பெட்டியில் இத்தகைய தட்டுகள் சுழன்றதையும், தோட்டத் தொழிலாளர்களே பவளக்கொடியும் வள்ளி திருமணமும் மேடையேற்றியதையும் என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பால்மரம் சீவப் போகும் நேரம்வரை நாடகம் நடக்குமாம். வேலனாக நடித்தவர் முகத்து அரிதாரத்தைத் துடைத்தும் துடைக்காமலும் பெரட்டுக்கு வந்து நிற்பாராம்.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இணையத்திலிருந்து கிட்டப்பாவின் பாடல் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முதலில் கேட்டது இரைச்சல். பிறகு குரல். "சார், பாடறது ஆம்பளையா பொம்பளையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆண் என்றேன். "ஏன் சார் கத்துறாரு?" என்றான் மற்றொருவன். வகுப்பு சிரித்தது. ஒலிவாங்கி இல்லாத காலம் என்பதை விளக்கிவிட்டு, அவனைத் திடலின் மறுகோடிக்கு அனுப்பி, இங்கிருந்து ஒரு திருக்குறளை அவன் காதில் தெளிவாக விழுமாறு சொல்லும்படி மற்றவர்களைக் கேட்டேன். இரண்டாவது சீர் தாண்டுமுன் பெரும்பாலோர் குரலைத் தாங்களே உயர்த்திக்கொண்டனர். ஆசிரிய நண்பர்கள் முயன்று பார்க்கலாம். கலைவிழாவில் கன்னத்தில் ஒட்டும் சிறு ஒலிவாங்கி இல்லாமல் நாடகமே போட முடியாது என்று நம்பும் நமக்கும் அது நல்ல பயிற்சி.

கிட்டப்பாவை மேடையில் கண்டவர்கள் இன்று எவரும் இல்லை. ஆனால் அந்த மேடைக்கு நம்மிடம் இன்னொரு சான்று இருக்கிறது. கணவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அதன்பின் அவர் வெண்ணிற ஆடையே உடுத்தினார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிக்க மறுத்தார். 1935இல் நந்தனார் படத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்து அழைத்தபோது, நந்தனாராகவே, ஆண் வேடத்திலேயே தோன்றினார். 1953இல் ஔவையார், 1965இல் திருவிளையாடலிலும் ஔவையார். 1980இல் மறைந்தார்.

திருவிளையாடல் படம் எளிதில் கிடைக்கிறது. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். மாம்பழத்துக்குச் சினந்து மலையேறிய முருகனிடம் ஐம்பத்தாறு வயது மூதாட்டி பாடுகிறார். அப்போது திரையரங்கில் ஒலிபெருக்கி உண்டு; ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கி முகத்தருகே உண்டு. அவர் அதனைப் பொருட்படுத்தவே இல்லை. கொழும்புக் கொட்டகையில் தரையில் அமர்ந்திருந்தவனுக்குக் கேட்குமாறு பாடிய அதே சுருதியில்தான் அங்கும் பாடுகிறார்.